பிலிப்ஸ் புரூக்ஸ் (1835–1893): புதன்கிழமைத் திட்டமும் 30 பக்கமும்

பீடத்தடி:
ஜனவரி 23 பிலிப்ஸ் புரூக்ஸ் இறந்த நாள். அமெரிக்க எபிஸ்கோப்பல் சபையின் (அங்குள்ள ஆங்கிலிக்கன் சபை) நாட்காட்டியில் அந்த நாள் அவருக்கு உரியது. நம் பக்கத்தில் அவர் பெயரை எடுத்தால் "பெத்லகேம் பாட்டு எழுதினவர்தானே?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பாட்டைக் கொஞ்சம் ஒதுக்கிவைப்போம். பிரசங்கம் பண்ணுகிறவர்களுக்கு அவர் விட்டுப்போனது என்ன என்று பேசத்தான் இந்த இழை.

வாழ்க்கை சுருக்கமாக: பிறப்பு 1835 டிசம்பர் 13, பாஸ்டன். ஆறு சகோதரர்களில் நான்கு பேர் குருமார் ஆனார்கள். 1855இல் ஹார்வர்டில் பட்டம். உடனே, தான் படித்த பாஸ்டன் லத்தீன் பள்ளியிலேயே ஆசிரியர் வேலை. பையன்களை அடக்க முடியாமல் சில மாதங்களில் விலகிவிட்டார். பிறகு வர்ஜீனியா இறையியல் கல்லூரி. 1859இல் உதவிகுருவாகப் பிலடெல்பியாவின் அட்வென்ட் ஆலயம், 1860இல் குருப்பட்டம், 1862இல் அதே ஊரில் ஹோலி டிரினிட்டி ஆலயம். 1869இல் பாஸ்டன் டிரினிட்டி ஆலயத்துக்கு வந்தார், 22 ஆண்டு அங்கேயே இருந்தார். 1891 அக்டோபர் 14இல் மாசசூசெட்ஸ் பேராயராக அபிஷேகம். 15 மாதத்தில் மரணம், வயது 57. திருமணம் செய்துகொள்ளவில்லை.

பேராசிரியர் நாற்காலி எதிலும் அவர் உட்காரவில்லை. 1881இல் ஹார்வர்ட் கூப்பிட்டது, மறுத்துவிட்டார். அவரைப் பிரசங்கக்கலை ஆசிரியர் என்று சொல்ல வைப்பது 1877 ஜனவரி, பிப்ரவரியில் யேல் இறையியல் மாணவர்களுக்குக் கொடுத்த எட்டு உரைகள். லைமன் பீச்சர் பெயரில் 1871இல் நிறுவப்பட்ட உரைத்தொடர் அது. முதல் மூன்று ஆண்டு லைமனின் மகன் ஹென்றி வார்டு பீச்சரே பேசினார். பின்னால் வந்தவர்களில் இன்றும் படிக்கப்படுகிறவர்களில் ஒருவர் புரூக்ஸ்.

முதலாண்டு:
ஐயா, பிரசங்கக்கலைப் பாடத்தில் அவர் ஒரு வரியாகத்தான் வருகிறார்: பிரசங்கம் என்றால் ஆளுமையின் வழியே வரும் சத்தியம். பரீட்சைக்கு அது போதும். திங்கட்கிழமை காலையில் வெறும் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்த வரி சொல்வதில்லை. அவருடைய வாரம் எப்படி ஓடியது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

உபதேசியார்மகள்:
சொல்கிறேன் தம்பி. மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் எபிஸ்கோப்பல் இறையியல் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஆலன் 1900இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இது விவரமாக இருக்கிறது.

திங்கள், செவ்வாய் காலைகளில் சேகரிப்பு மட்டும். தோன்றியதைக் குறிப்பேட்டிலும் துண்டுத் தாள்களிலும் எழுதிப் போடுவார். கல்லூரி நாளிலிருந்தே குறிப்பேடு வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அதனால் ஒவ்வொரு வாரமும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

புதன்கிழமை திட்டம். பிரசங்கத் தாளில் அரைத்தாள் எடுத்து ஒரு மடிப்பு, நான்கு சின்னப் பக்கம் கிடைக்கும். அதில் பத்துப் பன்னிரண்டு தனிப் பத்திகள், பத்திக்கு ஒரு கருத்து. முடிந்ததும் ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் ஓர் எண் போடுவார்: விரித்து எழுதினால் இது எத்தனை பக்கம் பிடிக்கும்? கடைசியில் எண்களைக் கூட்டுவார். கூட்டுத்தொகை 30 வர வேண்டும். கூடினால் குறைப்பார், குறைந்தால் எது மெலிந்திருக்கிறது என்று பார்ப்பார்.

வியாழனும் வெள்ளியும் எழுத்து. மண்டையை உடைக்கும் வேலை புதனன்றே முடிந்துவிட்டதால் இந்த இரண்டு நாளும் சுலபமாக ஓடும். சனிக்கிழமை பேனாவைத் தொட வேண்டிய அவசியம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது அந்த எண்தான். நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் கெடுவது கருத்து இல்லாமல் அல்ல, பங்கீடு இல்லாமல். முன்னுரை பாதி நேரத்தைத் தின்றுவிடும். முதல் குறிப்புக்குப் பத்து நிமிடம், இரண்டாவதற்கு ஆறு, மூன்றாவது வரும்போது கடிகாரம் தெரியும், "நேரமில்லாததினால்" என்று ஓட்டம். எண் போட்டிருந்தால் இந்தக் கோளாறு புதன்கிழமையே கண்ணில் பட்டிருக்கும்.

நாலாம்பெஞ்சு:
அக்கா, 30 பக்கம் அவர் காலத்துச் சபைக்குச் சரி. ஞாயிறு காலையில் 20 நிமிடம் கிடைக்கிறவருக்கு அது எத்தனை பக்கம்?

உபதேசியார்மகள்:
கணக்குப் போட்டுவிடலாம். தமிழில் நிதானமாக, பின் வரிசைக்கும் கேட்கும்படி பேசினால் நிமிடத்துக்குச் சுமார் 100 சொல். இது ஆளுக்கு ஆள் மாறும். பழைய பிரசங்கத்தின் ஒரு பக்கத்தை எண்ணிவைத்து, போனில் நேரம் வைத்துச் சத்தமாக வாசித்தால் அவரவர் வேகம் தெரிந்துவிடும். 20 நிமிடம் என்றால் 2000 சொல். கோடு போட்ட நோட்டில் பக்கத்துக்கு 125 சொல் என்று வைத்தால் 16 பக்கம். ஆக, நமக்குக் கூட்டுத்தொகை 16.

மாதிரிக்கு: வசனத்துக்குள் நுழைய 2, அந்தப் பகுதியின் சூழல் 2, சொல்லவந்த ஒரே காரியம் 3, அது வாழ்க்கையில் தென்படும் இடங்கள் 4, கேட்கிறவர் மனதில் எழும் மறுப்பு 2, முடிவு 3. முடிவுக்கு 3 என்பது அதிகம் போலத் தெரியும். குறைக்காதீர்கள், அவசரத்தில் முதலில் பலியாவது அதுதான்.

இரண்டு எச்சரிக்கை. பிரசங்க நேரத்தில் திருமறை வாசித்தால் அதையும் 16க்குள் சேர்க்க வேண்டும். அப்புறம், பத்தியில் இரண்டு கருத்து வைத்துவிட்டு ஒரே எண் போட்டால் கணக்கு பொய்யாகிவிடும். பத்தியை ஒரு வாக்கியமாகச் சொல்ல முடியவில்லை என்றால் உள்ளே இரண்டு இருக்கின்றன, பிரியுங்கள்.

நாலாம்பெஞ்சு:
கணக்கு சரி. எனக்கு அந்தப் பிரபலமான வரியில்தான் சண்டை. ஆளுமை, ஆளுமை என்று சொல்லிச் சொல்லித்தான் பிரசங்கியாரைச் சுற்றிக் கூட்டம் சேர்க்கும் கலாச்சாரம் வளர்ந்தது. ஆறடி நாலங்குல உயரமும் பெரிய குடும்பப் பின்னணியும் உள்ள ஒருவர் "ஆளுமை முக்கியம்" என்று சொல்வது சுலபம். மெலிந்த குரலும் கூச்சமும் உள்ள கிராமத்துக் குருவானவருக்கு அதில் என்ன இருக்கிறது?

பீடத்தடி:
அந்த வரி வருவது முதல் உரையில். இரண்டாம் உரை முழுக்கப் பிரசங்கியாரைப் பற்றியது. அதையும் சேர்த்து வாசித்தால் நீங்கள் சொல்லும் அர்த்தம் நிற்காது.

ஆளுமை என்று அவர் சொன்னது கவர்ச்சியை அல்ல. சத்தியம் ஒரு மனிதனுடைய உதட்டின் மேலாகவோ பேனாவின் வழியாகவோ வெளியே போனால் போதாது, அவனுடைய குணம், பாசம், புத்தி, ஒழுக்கம் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து வர வேண்டும் என்கிறார். அதாவது பிரசங்கியார் தன் முகத்தைக் காட்ட வேண்டும் என்பதல்ல, தான் நம்பாததை, தனக்குள் வேலை செய்யாததைப் பேசக்கூடாது என்பது. மெலிந்த குரல்காரருக்கு இது தடையே இல்லை. சொல்லப்போனால் அடுத்தவர் குரலைக் கடன் வாங்க வேண்டாம் என்ற விடுதலை.

அதே உரையில் ஊழியத்தில் வரும் ஆபத்துகளையும் பெயர் சொல்லி எடுக்கிறார்: தற்பெருமை, சுகபோகம், குறுகிய மனம். தற்பெருமை முதலில் வருகிறது. பிரசங்கியாரிடம் இருக்க வேண்டியவை என்று அவர் அடுக்குவதில் தனிப்பட்ட பக்தி, தன்னலமின்மை, நம்பிக்கை, உடல் ஆரோக்கியம், மனிதரைக் கண்டால் பற்றிக்கொள்ளும் உற்சாகம் உண்டு. பேச்சு வன்மை அந்த வரிசையில் இல்லை.

நெல்லைத் திருமறை:
இரண்டாம் உரையில் இன்னொன்று இருக்கிறது, மாணவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டியது. வர்ஜீனியா கல்லூரிக்குப் போன புதிதில் ஒரு ஜெபக்கூட்டம். மாணவர்கள் அத்தனை உருக்கமாக ஜெபிப்பதை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை. மறுநாள் கிரேக்க வகுப்பு. முந்தின நாள் உருகி ஜெபித்தவர்களில் சிலர் பாடத்தையே படித்து வரவில்லை. கொதிகலனுக்கும் இயந்திரத்துக்கும் இணைப்பே இல்லை என்று அதற்கு அவர் சொன்ன வார்த்தை பின்னால் பலரும் எடுத்தாண்டது. பக்தியைக் கேலி செய்யவில்லை. நீராவி இருந்தும் சக்கரம் சுழலவில்லையே என்பதுதான் அவர் ஆதங்கம்.

எனவே அவர் ஆளுமையில் கிரேக்கப் பாடமும் அடக்கம், நாலாம்பெஞ்சு அண்ணன்.

நாலாம்பெஞ்சு:
பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி இது: அவரிடம் மனிதனைப் பற்றிய நம்பிக்கை அதிகம், பாவத்தின் பிடியைப் பற்றிய பேச்சு மெலிவு. எல்லா மனிதரும் ஏற்கெனவே தேவனுடைய பிள்ளைகள், அதை உணர்ந்தால் போதும் என்கிற தொனி பிரசங்கத்துக்குப் பிரசங்கம் வருகிறது. பிராட் சர்ச் ஆட்களிடம் (உபதேச விஷயத்தில் தாராளப் போக்குள்ள ஆங்கிலிக்கன் பிரிவினர்) எப்போதும் உள்ள குறை. உபதேசம் நீர்த்துப்போகிறது.

நெல்லைத் திருமறை:
தொனி பற்றி நீங்கள் சொல்வது சரி. அவர் காலத்திலேயே அந்த விமரிசனம் இருந்தது. உபதேசம் வேண்டாம் என்று அவர் சொன்னதாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரிந்த உபதேசம் முழுவதையும் பிரசங்கியுங்கள், மேலும் மேலும் கற்றுக்கொள்ளுங்கள் என்று யேலில் அழுத்திச் சொல்கிறார். கூடவே ஒரு நிபந்தனை: மக்கள் அதை நம்ப வேண்டும் என்பதற்காக அல்ல, நம்பி இரட்சிக்கப்பட வேண்டும் என்பதற்காக.

நான்காம் உரையின் மருந்து உதாரணமும் இதையே சொல்கிறது. நோயாளிகளைக் கூட்டிவைத்து மருத்துவத்தைப் பற்றி விரிவுரை செய்கிறோம். விரிவுரை உண்மைதான், பயனுள்ளதும்கூட. ஆனால் அது மருந்து அல்ல. பிரசங்கியாரின் கடமை மருந்தைக் கொடுப்பது. கிறிஸ்துவைப் பற்றிப் பேசுவதையும் கிறிஸ்துவைப் பிரசங்கிப்பதையும் அவர் பிரித்துப் பார்ப்பது இங்கேதான்.

முதலாண்டு:
வசனத்தைத் தெரிந்தெடுப்பதைப் பற்றி என்ன சொல்கிறார்? முதலில் கருத்து, பிறகு வசனமா? முதலில் வசனமா?

பீடத்தடி:
இரண்டு பக்கமிருந்தும் வரலாம், அதில் அவருக்குப் பிடிவாதம் இல்லை. கண்டிப்பு வேறிடத்தில். வசனத்தில் இல்லை என்று உனக்கே தெரிந்த அர்த்தத்தை அதிலிருந்து எடுக்காதே. உன் கருத்து அந்த வசனத்தில் இல்லையென்றால் அது இருக்கும் வேறு வசனத்தைத் தேடு. வேதாகமம் முழுவதிலும் கிடைக்கவில்லையென்றால் வேறு எதையாவது பிரசங்கம் பண்ணு.

இதை அவரே கடைப்பிடித்ததற்கு நல்ல உதாரணம் 1865 ஏப்ரல் 23. லிங்கன் சுடப்பட்டு இறந்து எட்டு நாள். உடல் பிலடெல்பியாவின் சுதந்திர மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதே ஊரில் ஹோலி டிரினிட்டி பீடத்தில் 29 வயது புரூக்ஸ். எடுத்தது 78ஆம் சங்கீதத்தின் கடைசிப் பகுதி: தாவீதை ஆட்டுத்தொழுவத்திலிருந்து எடுத்து, தம் ஜனத்தை மேய்க்க வைத்தார். கீழ்நிலையிலிருந்து அழைக்கப்பட்டவன், உண்மையான இருதயம், மேய்த்தல். இந்த மூன்றும் வசனத்தில் உள்ளவை, லிங்கனுக்கும் பொருந்துபவை. வலிந்து இழுத்த ஒட்டு எதுவும் இல்லை. முடிவுப் பகுதி முழுக்க அந்த மேய்த்தலை வைத்தே நகர்கிறது.

நடுவில் ஒரு கடினமான வாதமும் உண்டு. கொலையை ஒரு பைத்தியக்காரனின் செயல் என்று தள்ளிவிடாமல், அடிமைமுறை வளர்த்த குணமே அந்தக் கையை நீட்டவைத்தது என்று நேராகச் சொன்னார். துக்கப் பிரசங்கத்தில் அதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். விடுதலையான கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகவும் அந்த ஆண்டுகளில் வெளிப்படையாகப் பேசியவர் அவர்.

உபதேசியார்மகள்:
கட்டமைப்பைப் படிக்க வேண்டுமென்றால் "தீயும் கன்றுக்குட்டியும்" நல்ல மாதிரி. யாத்திராகமம் 32:24. மோசே கேட்டதும் ஆரோன் சொல்கிற சாக்கு: பொன்னை அக்கினியில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வந்தது. தானே உருவாக்கியதைச் சொல்லாமல் தீயின் மேல் பழி போடுகிறான். புரூக்ஸ் பிடித்துக்கொள்வது இந்த ஒரு வாக்கியத்தை மட்டும்.

பிறகு அதே சாக்கு வேறு வேறு வாய்களில் வருவதைக் காட்டுகிறார். கெட்டுப்போனவன் ஊரைப் பழி சொல்கிறான், சமுதாயம் காலத்தைப் பழி சொல்கிறது. சூளைதான் எல்லோருக்கும் குற்றவாளி. சிரித்துக்கொண்டே கேட்டுவரும் சபையை அப்புறம் மெல்ல உள்ளே திருப்புகிறார்: பொய் சொல்கிறவன் பிறரை ஏமாற்றுவதோடு நிற்பதில்லை, தன் சாக்கைத் தானே நம்பத் தொடங்குகிறான். கடைசியில்தான் பொறுப்பேற்றுக்கொள்ளுதல் வருகிறது.

குறிப்புகளுக்குத் தலைப்பு இல்லை, மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும் என்ற வித்தை இல்லை, துணைவசன அடுக்கும் இல்லை. ஒரே வாக்கியம் நகர்ந்து நகர்ந்து கேட்கிறவனிடம் வந்து சேருகிறது. ஒத்தவாக்கிய அகராதியில் (ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் நூல்) "தீ" என்று வரும் வசனங்களையெல்லாம் திரட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

முதலாண்டு:
எழுதி வாசிப்பதா, குறிப்பில்லாமல் பேசுவதா? எங்கள் பக்கத்தில் எழுதி வாசித்தால் "ஆவியானவர் இல்லை" என்றே சொல்லிவிடுவார்கள்.

நெல்லைத் திருமறை:
அதை அவர் பெரிய கேள்வியாகவே எடுக்கவில்லை. ஆளைப் பொறுத்தது என்று விட்டுவிடுகிறார். அவரே 30 பக்கம் எழுதி வாசித்தவர், பின்னாளில் எழுதாமலும் பேசினார். சோம்பேறிக்கு இரண்டும் உதவாது. எழுதுகிறவன் பழைய தாளைத் தூசி தட்டுவான், எழுதாதவன் பழகிய தடத்திலேயே ஓடுவான்.

அவர் அதிகம் வற்புறுத்தியது நீண்டகாலச் சேமிப்பு. எப்போதும் பிரசங்கம் செய்வதற்காகவே வாசிக்காதே, சத்தியத்தைத் தேடி வாசி, பிரசங்கம் அதிலிருந்து தானாக வரும். வாசிக்கும் ஒவ்வொன்றையும் "ஞாயிற்றுக்குத் தேறுமா" என்று பார்க்கிறவன் புத்தகத்தையும் கெடுக்கிறான், பிரசங்கத்தையும் கெடுக்கிறான். மேலே அக்கா சொன்ன திங்கள், செவ்வாய்ச் சேகரிப்பு பலித்ததற்குக் காரணம் இந்தப் பின்கணக்குதான். அது இல்லாமல் வாரத் திட்டத்தை மட்டும் பின்பற்றினால் மூன்றாம் மாதத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும்.

நாலாம்பெஞ்சு:
அவர் பேசிய வேகத்தையும் சொல்லிவிடுங்கள். அதைப் பின்பற்றி யாரும் கெட்டுவிடக் கூடாது.

பீடத்தடி:
நிமிடத்துக்கு 200 சொல்லுக்கு மேல். இங்கிலாந்துக்குப் போனபோது சுருக்கெழுத்தாளர்களே திண்டாடினார்கள். ஆங்கிலத்தில் சாதாரணப் பொதுப்பேச்சு 120 முதல் 150 என்று வைத்தால், எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது செல்லுபடியானதற்குக் காரணம் உண்டு. வாக்கியங்கள் ஒரே கருத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டு நகரும், ஒரு வரி தவறினாலும் அடுத்த வரியில் பிடித்துக்கொள்ளலாம். செறிவாக எழுதுகிறவர் அந்த வேகத்தில் பேசினால் சபைக்கு ஒன்றும் மிஞ்சாது. பெரிய பிரசங்கிகளைப் பார்த்து நகலெடுக்கிறவர்கள் அவர்களுடைய பலவீனங்களைத்தான் எடுக்கிறார்கள் என்று யேல் உரையிலேயே எச்சரித்திருக்கிறார். தன்னை நகலெடுக்கப்போகிறவர்களையும் சேர்த்துச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

கல்தூண்:
யேல் உரைகள் நடந்த அதே வாரங்களில் அவர் தலையில் இன்னொரு பெரிய வேலையும் இருந்தது. பாஸ்டனில் சம்மர் தெருவிலிருந்த பழைய டிரினிட்டி ஆலயம் 1872 நவம்பர் பெருந்தீயில் எரிந்தது. காப்லி சதுக்கத்தில் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் வடிவமைத்த புதிய ஆலயத்தின் பிரதிஷ்டை 1877 பிப்ரவரி 9. நடுவில் நாலு ஆண்டுக்கு மேல் சபை கூடியது ஹண்டிங்டன் ஹால் என்ற விரிவுரை மண்டபத்தில். மணியும் வண்ணக்கண்ணாடியும் இல்லாத அந்த மண்டபத்திலும் கூட்டம் குறையவில்லை.

புதிய கட்டடம் நீண்ட குகை போன்றதல்ல, கைகள் ஏறக்குறைய சமமான சிலுவை வடிவம், நடுவே கோபுரம். தூண்கள் மறைக்காமல் சபை முழுவதும் ஒரே வெளியில் உட்காரலாம். பிரசங்கத்துக்கு ஏற்ற திட்டம்தான், ஆனால் நடுக்கோபுரத்தின் உயரம் குரலை விழுங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். சுவரோவியங்கள் ஜான் லா ஃபார்ஜ். அடியில் மண் நிரப்பிய நிலம் என்பதால் 4500 மரக்கம்பங்கள் அடித்து மேலே கட்டினார்கள். கம்பங்கள் எப்போதும் நிலத்தடி நீரில் மூழ்கியே இருக்க வேண்டும், நீர்மட்டம் இறங்கினால் மரம் மக்கிவிடும். இன்றுவரை அதைக் கண்காணிக்கிறார்கள். (இழைக்குச் சம்பந்தமில்லை, விட மனமில்லை.)

முதலாண்டு:
ஆறாம் உரை சபையைப் பற்றியது என்று படித்தேன். அதில் என்ன?

உபதேசியார்மகள்:
கேட்க வந்திருக்கிறவர்களை வகை பிரிக்கிறார். சபையின் தூண்கள், சந்தேகத்தோடு குறை பார்க்க வருகிறவர்கள், பழக்கத்துக்காக வருகிறவர்கள், உண்மையாகத் தேடி வருகிறவர்கள். யாரைத் தேடி எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதினால் பிரசங்கம் தூண்களுக்கு மட்டும் போய்ச் சேரும், ஏனென்றால் ஞாயிறு மதியம் கருத்துச் சொல்கிறவர்கள் அவர்கள்தான். திட்டத் தாளில் ஒவ்வொரு பத்திக்கும் இது யாருக்கு என்று ஓர் எழுத்துப் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் "தூ" என்றே விழுந்தால் திரும்ப எழுத வேண்டும். இந்த எழுத்துப் போடும் முறை என் சேர்க்கை, வகைகள் அவருடையவை.

நாலாம்பெஞ்சு:
பேராயர் தேர்தல் விவகாரத்தை யாரும் தொடவில்லையே.

பீடத்தடி:
சுருக்கமாக: 1891 ஏப்ரல் 30இல் தேர்வானார். மற்ற மறைமாவட்டங்களின் நிலைக்குழுக்களும் பேராயர்களும் பெரும்பான்மையாகச் சம்மதிக்க வேண்டும். உயர்சபைக் கட்சியினர் (சபையின் பழைய மரபையும் சடங்கையும் வற்புறுத்துகிறவர்கள்) எதிர்த்தார்கள். அப்போஸ்தல வாரிசுமுறையை (பேராயர் பதவி அப்போஸ்தலரிடமிருந்து தொடர்ந்து வருகிறது என்ற உபதேசம்) அவர் போதிய அளவு மதிக்கவில்லை, பிற சபையாரோடு மிகவும் தாராளம் என்பது குற்றச்சாட்டு. வாரக்கணக்கில் பத்திரிகைகளில் அடிபட்டது. விளக்கம் கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லவே இல்லை. இத்தனை ஆண்டு பேசியதும் எழுதியதும் கண்முன் இருக்கிறது என்பதே அவர் நிலை. ஜூலையில் சம்மதம் வந்தது. பேராயராக ஓடி ஓடி உழைத்ததில் உடம்பு தாங்கவில்லை. அடக்க ஆராதனை அன்று ஆலயத்தில் இடம் கொள்ளாமல் காப்லி சதுக்கத்தில் திறந்தவெளியிலும் ஆராதனை நடத்தினார்கள். கல்லறை மவுண்ட் ஆபர்ன்.

முதலாண்டு:
கடைசிக் கேள்வி. எங்கிருந்து வாசிக்க ஆரம்பிப்பது? ஆங்கிலம் 19ஆம் நூற்றாண்டு நடை, கொஞ்சம் பயமாக இருக்கிறது.

நெல்லைத் திருமறை:
யேல் உரைகளில் முதலில் இரண்டாவது, பிறகு ஐந்தாவது (பிரசங்கத்தை உருவாக்கும் விதம்), அப்புறம் நான்காவது. முதல் உரையைப் பின்னால் வாசித்தால் அந்தப் புகழ்பெற்ற வரி தவறாகப் புரியாது. ஏழாவது அவர் காலத்து வாதங்களோடு பின்னியது, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பிரசங்கங்களில் மேலே சொன்ன கன்றுக்குட்டி ஒன்று. அடுத்து "கர்த்தரின் தீபம்", நீதிமொழிகள் 20:27. 1880 ஜூலை 4இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் பிரசங்கித்தது. அமெரிக்கச் சுதந்திர நாளில் ஆங்கிலேயர் முன்னால் நிற்கிறார். அதைப் பிரசங்கத்துக்குள் கலக்காமல் கடைசியில் மட்டும், தன் நாட்டுக்காக ஜெபிக்கும்படி கேட்கிறார். சந்தர்ப்பத்தை எவ்வளவு தொட வேண்டும் என்பதற்கு நல்ல அளவு அது.

மூன்றாவது "வாழ்க்கையின் சமச்சீர்". வெளிப்படுத்தல் 21:16, நகரத்தின் நீளமும் அகலமும் உயரமும் சமம். நீளம் ஒருவன் தன் இலக்கை நோக்கிப் போவது, அகலம் பிறரை நோக்கி விரிவது, உயரம் தேவனை நோக்கி எழுவது. மார்ட்டின் லூதர் கிங் 1954 ஜனவரியில் மாண்ட்கமரி டெக்ஸ்டர் அவென்யூ சபையில் தன் தேர்வுப் பிரசங்கத்துக்கு எடுத்த மூன்று பரிமாணங்களும் இவையே. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒரே சட்டகத்தை இரு ஆட்கள் எப்படி நிரப்புகிறார்கள் என்று தெரியும். கிங்கிடம் உதாரணங்கள் அதிகம், தெருவும் செய்தித்தாளும் உள்ளே வருகின்றன. புரூக்ஸிடம் பெயர் சொல்லும் உதாரணமே குறைவு, ஒரு மனநிலையைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

நாலாம்பெஞ்சு:
அந்தக் குறையையும் குறித்துக்கொள் தம்பி. தெளிவான உதாரணம் இல்லாமல் பத்து நிமிடம் போனால் நாலாம் பெஞ்சில் பாதிப் பேர் மின்விசிறியைத்தான் பார்ப்பார்கள். அவருக்குக் குரலும் வேகமும் ஈடு கட்டின.

உபதேசியார்மகள்:
முதலாண்டுக்கு ஒரு பயிற்சி. கன்றுக்குட்டிப் பிரசங்கத்தைப் பத்தி பத்தியாக எண்ணி, ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியமாக்கி, பக்கத்தில் அது பிடித்த வரிகளின் எண்ணிக்கையைப் போடுங்கள். அவருடைய புதன்கிழமைத் தாளைப் பின்னோக்கிப் போய் உருவாக்குகிற மாதிரி. இரண்டு மணி நேர வேலை. முடித்ததும் இங்கே ஏற்றுங்கள், எந்தப் பத்திக்கு அதிக இடம் கொடுத்தார், ஏன் என்று அடுத்து பேசலாம்.